தீவும் தாளமும் – 9: சீசன் இல்லாத மாதத்தில் ஒரு மேடை

1976 டிசம்பர் 3 இரவு, கிங்ஸ்டன் ஹோப் ரோட்டில் 56-ஆம் எண் வீட்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்தவர்கள் பாப் மார்லியைச் சுட்டார்கள். காயத்தோடு இரண்டே நாளில் அவர் 'ஸ்மைல் ஜமைக்கா' மேடையேறினார். பாடி முடித்ததும் நாட்டைவிட்டே கிளம்பினார். சென்ற வாரம் அங்கே நிறுத்தினோம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 1950களில் ஜமைக்காவின் ஹோட்டல் முற்றங்களில் வைக்கோல் தொப்பி அணிந்த மென்டோ குழுக்கள் வாசித்தன. 1963-இல் கோரல் கார்டன்ஸ் கலவரத்தை அடுத்து சடைமுடி வளர்க்கும் ராஸ்தஃபாரி மதத்தினர் வேட்டையாடப்பட்டார்கள். 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு ரெகேக்கு முந்தைய இசையான ஸ்காவை அரசாங்கமே மூட்டைகட்டி அனுப்பியது. இவை மூன்றையும் முந்தைய பகுதிகளில் விரிவாகப் பார்த்தோம். இந்த வாரம் பெரும்பாலும் ஒரே ஓர் ஆண்டில் நிற்கப்போகிறோம்: 1978.

* * *

மலைக்கு அந்தப் பக்கம்

ஜமைக்காவின் வரைபடத்தை விரித்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு தூரம். தென்கிழக்கு மூலையில் தலைநகர் கிங்ஸ்டன், வடமேற்கு மூலையில் மான்டிகோ பே, நடுவே மலை. ரெகே பிறந்தது தெற்கே, ட்ரெஞ்ச் டவுன் குடியிருப்புகளிலும் ஆரஞ்சு தெருவின் இசைத்தட்டுக் கடைகளிலும் அவற்றை ஒட்டிய சிறு ஸ்டூடியோக்களிலும். சுற்றுலாப் பயணி வந்து இறங்கியது வடக்கே, சாங்ஸ்டர் விமான நிலையத்தில். அங்கிருந்து கடற்கரை ஹோட்டலுக்குச் சில நிமிடப் பயணம். கிங்ஸ்டன் ஆபத்தான ஊர், அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது அவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை. இரண்டு வாரம் தங்கி, தோல் கறுக்க வெயில் காய்ந்து, ஜமைக்கா இசை என்று எதையோ கேட்டுவிட்டு, ரெகேயை உண்டாக்கிய ஒருவரைக்கூடப் பார்க்காமல் அவர் ஊர் திரும்பிவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் திரும்பினார்கள்.

அவர்கள் கேட்ட அந்த 'எதையோ' என்பது மென்டோ. அதுவும் சொந்தப் பெயரில் இல்லை. ஹாரி பெலஃபான்டேயின் 'கலிப்ஸோ' இசைத்தட்டு 1956-இல் அமெரிக்காவில் பெருவெற்றி பெற்ற பிறகு, விருந்தினர் கேட்டதெல்லாம் கலிப்ஸோதான். கலிப்ஸோ டிரினிடாட்டின் இசை. அதனால் என்ன என்று ஜமைக்காக் குழுக்கள் அந்தப் பலகையையே மாட்டிக்கொண்டன. ஊருக்குள் மென்டோ என்பது குறும்பும் இரட்டை அர்த்தமும் உள்ளூர் வம்பும் கலந்த பாட்டு. ஹோட்டல் முற்றத்தில் அந்த வம்பு யாருக்குப் புரியும்? புரியாத வரிகள் உதிர்ந்தன. புரிகிற மெட்டு மட்டும் தங்கியது. 1970களில் கிங்ஸ்டன் இளைஞனுக்கு மென்டோ என்பது தாத்தாவின் பாட்டு அல்லது வெள்ளைக்காரருக்கான பாட்டு. இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ரெகேயும் தீவுச் சுற்றுலாவும் இணைந்த கதையை வழக்கமாக ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்: ரெகே உலகப் புகழ் பெற்றது, அதைத் தேடி உலகம் ஜமைக்காவுக்கு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகள் இதற்கு ஒத்துழைக்கவில்லை. ஜிம்மி கிளிஃப் நடித்த 'தி ஹார்டர் தே கம்' படம் வந்தது 1972-இல். மார்லியின் குழு ஐலண்ட் ரெக்கார்ட்ஸுக்காகச் செய்த 'கேட்ச் எ ஃபயர்' 1973-இல். 1974-இல் மார்லியின் பாடல் ஒன்றை எரிக் கிளாப்டன் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். புகழ்தான் காரணம் என்றால், 1974-ஆம் ஆண்டுக் குளிர்கால சீசனிலேயே மான்டிகோ பே ஹோட்டல்காரர்கள் கிங்ஸ்டனுக்குக் கார் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. சடைமுடியும் கஞ்சாப் புகையும் சேரி அரசியலும் விருந்தினரை விரட்டிவிடும் என்பதே அவர்கள் கணக்கு. கோரல் கார்டன்ஸ் இருப்பது மான்டிகோ பேயிலிருந்து கூப்பிடு தூரத்தில். 1963-ஐ அந்தக் கரை மறந்துவிடவில்லை. புகழ் வந்து ஐந்தாறு ஆண்டுகள் ரெகே மலைக்கு அந்தப் பக்கமே நின்றது. அதை இந்தப் பக்கம் அழைத்தது வேறொன்று.

காலி அறைகள்.

* * *

பதினைந்தாம் தேதிக் கணக்கு

1972-இல் மைக்கேல் மேன்லி பிரதமரானார். 1974-இல் தன் கட்சியின் கொள்கை ஜனநாயக சோஷலிசம் என்று அறிவித்தார். அதே ஆண்டு, தீவின் பாக்சைட்டைத் தோண்டி எடுத்த வட அமெரிக்க நிறுவனங்கள்மீது புதிய வரி போட்டார். கியூபாவோடு நட்பு வளர்ந்தது. உள்ளே இரண்டு கட்சிகளின் ஆயுதக் கும்பல்கள் கிங்ஸ்டன் பேட்டைகளைப் பங்குபோட்டுக்கொண்டு சுட்டுக்கொண்டன. 1976 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. அமெரிக்கப் பத்திரிகைகளில் ஜமைக்கா என்ற பெயர் வந்தாலே பக்கத்தில் துப்பாக்கியும் சேர்ந்து வந்தது. பயணிகள் பஹாமாஸுக்கும் மற்ற தீவுகளுக்கும் திரும்பிக்கொண்டார்கள். மூடும் நிலைக்கு வந்த ஹோட்டல்கள் பல அரசாங்கத்தின் தலையிலேயே விழுந்தன. பாக்சைட், சர்க்கரை, சுற்றுலா என்று அந்நியச் செலாவணிக்கு அந்த நாட்டுக்கு இருந்த வழிகள் சில. அவற்றில் ஒன்று வற்றியது. 1977-இல் ஜமைக்கா சர்வதேச நிதியத்தின் வாசலில் நின்றது.

அந்த நாட்களில் சுற்றுலா வாரியம் வெளியிட்ட ஒரு விளம்பரம், 'நாங்கள் வெறும் கடற்கரை அல்ல, ஒரு நாடு' என்ற பொருளில் பேசியது. மேன்லி அரசின் தன்மானம் அதில் தெரிகிறது. ஆனால் நாட்டைக் காட்டுகிறேன் என்று சொன்னவர்களிடம் காட்டுவதற்கு என்ன இருந்தது? நாடு கிங்ஸ்டனில் பாடிக்கொண்டிருந்தது. பயணி மான்டிகோ பேயில் படுத்திருந்தார். வாசகம் தயார், அதற்குரிய மேடை இல்லை.

இந்த இடத்தில் ஹோட்டல் தொழிலின் நாட்காட்டியைக் கவனிக்க வேண்டும். கரீபியத் தீவுகளில் சீசன் என்பது டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிவது. நியூயார்க்கிலும் டொரன்டோவிலும் பனி கொட்டும் மாதங்கள் அவை. வெயிலுக்காக மனிதர்கள் பணம் கொடுக்கும் காலம். ஏப்ரல் 15 தாண்டியதும் வாடகை சரியும், அறைகள் காலியாகும், ஊழியர்களில் ஒரு பகுதி வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். வெயில் ஆண்டு முழுக்க இருக்கிறது. அதை வாங்க ஆள் இருப்பது நான்கு மாதம். கடற்கரை மட்டுமே சரக்கு என்றால் இந்தக் கணக்கு மாறவே மாறாது. ஜூன் மாதத்தில் ஒருவரை ஜமைக்காவுக்கு வரவழைக்க வேண்டுமென்றால், அவருடைய ஊரில் கிடைக்காத வேறு ஏதாவது வேண்டும். நல்ல சீசனில் தொட அஞ்சிய சரக்கை எடுத்துப் பார்க்கும் துணிச்சல், இழக்க எதுவுமில்லாத மாதத்தில்தான் தொழில்காரருக்கு வரும்.

அந்த மாதங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. பள்ளி விடுமுறை அப்போதுதான். ஆகஸ்ட் 6 சுதந்திர தினமும் அதை ஒட்டியே வருகிறது. 1948 முதல் 1962 வரை கப்பலேறி இங்கிலாந்து போனவர்கள், பிறகு டொரன்டோவுக்கும் புரூக்ளினுக்கும் போனவர்கள், பிள்ளைகளோடு ஊருக்கு வரும் காலம் கோடை. வெளிநாட்டுப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் இவர்களுக்கு ரெகே அந்நியம் அல்ல. லண்டன் பிரிக்ஸ்டனில் அவர்கள் வீட்டு முன்னறையிலேயே ஒலித்தது அது. சுற்றுலாக் கணக்கேடு இவர்களையும் வருகையாளர் என்றே எழுதிக்கொள்கிறது. ஆனால் இவர்கள் மென்டோவைக் கலிப்ஸோ என்று சொன்னால் நம்பிப் போகிறவர்கள் அல்ல.

* * *

ஏப்ரல் 22

மேடை முதலில் எழுந்தது கிங்ஸ்டனில்தான். மார்லி நாடு திரும்பியிருந்தார். பேட்டைக் கும்பல்களுக்குள் ஒரு சமாதானம் பேசப்பட்டிருந்தது. அதைக் கொண்டாட 1978 ஏப்ரல் 22 அன்று தேசிய விளையாட்டரங்கில் 'ஒன் லவ் அமைதிக் கச்சேரி'. பிரதமர் மேன்லியும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவும் முன்வரிசையில். அன்றிரவின் உச்சமாக உலகம் நினைவில் வைத்திருக்கும் படம் எல்லோருக்கும் தெரியும்: மார்லி இருவரையும் மேடைக்கு அழைத்து, இருவர் கைகளையும் தன் தலைக்குமேல் உயர்த்திச் சேர்த்துப் பிடித்தது.

அந்தப் படத்துக்குச் சற்று முன்பு நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். மார்லியின் பழைய கூட்டாளி பீட்டர் டாஷ் மேடையேறினார். பாட்டுகளுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினார். முன்வரிசையில் இருந்த இருவரையும் நேராகப் பார்த்து, ஏழையைக் காவல்துறை எப்படி அடிக்கிறது என்றார். கஞ்சாவுக்காக ஏன் சிறை என்றார். அடக்குமுறை இருக்கும் இடத்தில் அமைதியைப் பற்றி என்ன பேச்சு என்ற பொருளில் கேட்டார். சட்டம் தடைசெய்த கஞ்சாவை அங்கேயே பற்றவைத்தார். எழுந்து போகவும் முடியாமல், கைதட்டவும் முடியாமல் தலைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களை அப்படி உட்காரவைத்தது டாஷின் துணிச்சல் மட்டுமல்ல. அவர்களுக்குப் பின்னால் திரண்டிருந்த ஆயிரக்கணக்கான கிங்ஸ்டன் மக்கள். டாஷ் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்த சொல்; பாதிப் பேர் உடம்பிலேயே எழுதப்பட்ட சொல். கூட்டம் பின்னால் நிற்கும்போது பாடகனின் வாயை யாராலும் மூட முடியாது. கூட்டம் கலைந்த பிறகு என்ன நடக்கும் என்பதும் விரைவிலேயே தெரிந்தது: அதே ஆண்டு செப்டம்பரில், கஞ்சாவைக் காரணம் காட்டி டாஷைப் பிடித்த போலீஸார், உயிர் போய்விட்டது என்று நினைக்கும் அளவுக்கு அவரை அடித்தார்கள்.

ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஒரு ஜூன் மாதம் இருந்தது.

* * *

ஜாரெட் பார்க்

ரோனி பர்க், டோனி ஜான்சன், டான் கிரீன், ஜான் வேக்லிங் ஆகிய நால்வர் சேர்ந்து நடத்திய நிறுவனம் சினர்ஜி. அவர்களுடைய யோசனையை இன்று கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும்: சீசன் இல்லாத மாதத்தில், சுற்றுலா ஊரான மான்டிகோ பேயில், ஒரு வாரம் முழுக்க ரெகே மட்டும். 1978-இல் இதன் ஒவ்வொரு சொல்லும் எதிர்நீச்சல். வெளிநாட்டு நட்சத்திரம் இல்லாமல் ரெகே மட்டுமா? ஒரு வாரமா? அதுவும் மான்டிகோ பேயிலா? ஜூன் 23 அன்று 'ரெகே சன்ஸ்பிளாஷ்' தொடங்கியது. ஒரு வாரம் நீடித்தது.

இடத் தேர்வைக் கவனியுங்கள். ஹோட்டல் புல்வெளி அல்ல, ஜாரெட் பார்க். ஊர்ப் பையன்கள் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடும் பொது மைதானம். கச்சேரி இருட்டிய பிறகு தொடங்கி விடியும்வரை நடந்தது. சன்ஸ்பிளாஷோடு சேர்ந்து ஒரு சிறு தொழிலே வளர்ந்தது: பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கி, விடியவிடிய உட்காரவும் படுக்கவும் விரிப்பாக விற்பது. 'ரெகே பெட்' என்று அதற்குப் பெயர். இரும்புப் பீப்பாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, உள்ளே கரி போட்டு, மேலே கம்பி வலையில் மசாலா தடவிய ஜெர்க் கோழியை வாட்டுகிறவர் ஒரு பக்கம். சுட்ட சோளமும் வேர்க்கடலையும் விற்கிறவர் இன்னொரு பக்கம். ஹோட்டல் கச்சேரியில் விருந்தினர் செலவழிக்கும் காசு ஹோட்டல் கல்லாவுக்குத்தான் போகும். இங்கே காசு மதிலுக்கு வெளியே, அட்டை விற்கிறவள் கைக்கும் கரி ஊதுகிறவர் கைக்கும் வந்தது. பணம் வரும் திசை மாறியதும் இசையின் நிலையும் மாறியது.

அடுத்த ஆண்டு, 1979 ஜூலையில், அதே மைதானத்தில் மார்லியே பாடினார். முந்தைய செப்டம்பரில் அடிவாங்கிய டாஷும் பாடினார். பர்னிங் ஸ்பியரும் தேர்ட் வேர்ல்டும் பாடினார்கள். ஜெர்மானியரான ஸ்டெஃபான் பால் இதைப் படமாக எடுத்ததால், அந்த மேடை எப்படி இருந்தது என்று இன்றும் பார்க்க முடிகிறது. மார்லி அப்போது செய்துகொண்டிருந்த 'சர்வைவல்' தொகுப்பு அக்டோபரில் வந்தது. அதன் அட்டையில் ஆப்பிரிக்க நாடுகளின் கொடிகள். நடுவே, அடிமைக்கப்பலின் அடித்தளத்தில் மனிதர்களை அடுக்கிவைத்திருப்பதைக் காட்டும் பழைய வரைபடத்தின் ஒரு கீற்று. விடுமுறைக்கு வந்தவரை மகிழ்விக்கச் செய்த சரக்கு இல்லை இது. ஆனால் அந்த மனநிலையில் இருந்த மனிதர்தான் சுற்றுலா ஊரின் நடுவில், வெளிநாட்டாரும் நிற்கும் கூட்டத்தின்முன் பாடினார். எதையும் மென்மையாக்கிக்கொள்ளவில்லை.

* * *

யார் கேட்கிறார்கள்?

மென்டோவுக்கு ஹோட்டலில் நேர்ந்தது சன்ஸ்பிளாஷில் ரெகேக்கு ஏன் நேரவில்லை? ரெகே வீரியமான இசை, மென்டோ இளகிய இசை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மென்டோவிலும் விலைவாசிக் கேலி இருந்தது, அதிகாரியைக் குத்துவது இருந்தது. வித்தியாசம் இசையில் இல்லை, எதிரே இருந்தவர்களில் இருந்தது. ஹோட்டல் முற்றத்தில் கேட்பவர் அனைவரும் விருந்தினர். தீவுக்காரர் தட்டு ஏந்தி நிற்பவர் மட்டுமே. ஜாரெட் பார்க்கில் டிக்கெட் வாங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் தீவுக்காரர்கள். விருந்தினர் அந்தக் கூட்டத்தில் கலந்த ஒருவர். ஜமைக்காக் கூட்டம் இரக்கமற்றது. நீர்த்துப்போன பாட்டைக் கூச்சலிட்டே மேடையைவிட்டு இறக்கிவிடும். சுற்றுலா இசையைக் கெடுக்கிறதா வளர்க்கிறதா என்ற பொதுக் கேள்விக்குப் பொது விடை இல்லை என்பதே என் வாதம். தன் ஊர்க்காரன் எதிரே நின்று தட்டிக்கேட்கும் இடத்தில் இசை தன் சொற்களோடு பிழைக்கிறது. அவன் வேலிக்கு வெளியே நிற்கும் இடத்தில் மெட்டு மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும். வெளிநாட்டார் மட்டுமே கேட்டால் சொற்கள் உதிரும் என்றால், 'கேட்ச் எ ஃபயர்' எப்படிப் பிழைத்தது? அதை வாங்கியவர்கள் லண்டன் ராக் ரசிகர்கள். ஐலண்ட் நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் அவர்களுக்காகவே லண்டனில் கிட்டாரும் கீபோர்டும் கூடுதலாகச் சேர்த்தார். முதல் பதிப்பின் உறையைச் சிகரெட் லைட்டர்போலத் திறக்கும்படி செய்தார். அப்படியிருந்தும் கான்கிரீட் சேரியைப் பற்றிய பாட்டும் அடிமை ஓட்டியைப் பற்றிய பாட்டும் ஒரு சொல் குறையாமல் அதில் இருந்தன. மறுப்பு நியாயமானது, அது என் வாதத்தைத் திருத்துகிறது, ஆனால் முறிக்கவில்லை. லண்டனில் அறைக்குள் உட்கார்ந்து இசைத்தட்டு வாங்குகிறவர் கலகக்காரனைத்தான் வாங்குகிறார். கலகம் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நடக்கிறது. அவருக்கு அதனால் சேதமில்லை, சுவைதான். அதே மனிதர் விமானமேறி மான்டிகோ பேயில் இறங்கியதும் வேறு ஆளாகிவிடுகிறார். இப்போது அவருக்குத் தேவை பாதுகாப்பு; பாட்டில் வரும் கோபம் அறைக் கதவுக்கு வெளியே நிற்கும் கோபமாகத் தோன்றும். எனவே வெளிநாட்டார் என்பதல்ல பிரச்சினை. அவர் இந்த மண்ணில், தீவுக்காரர் இல்லாத வளாகத்தில் இருந்து கேட்பதுதான்.

இரண்டாவது மறுப்பு வயிற்றுப் பக்கத்திலிருந்து வருவது. ஹோட்டல் குழுக்களை ஏளனம் செய்வது எளிது. ஆனால் வாரம் ஆறு இரவு வாசித்துக் குடும்பம் நடத்திய அந்தக் கலைஞனுக்கு ஜாரெட் பார்க் மாற்று வழி கொடுத்ததா? திருவிழா ஆண்டுக்கு ஒரு வாரம்; பசி ஆண்டு முழுக்க. இதை மறுக்க முடியாது. கிங்ஸ்டன் ஸ்டூடியோக்களில் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று அற்பக் கூலி வாங்கி, உரிமைத்தொகை என்றால் என்னவென்றே அறியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம். வடகரை ஹோட்டலின் சம்பளம், அடக்கமானதாக இருந்தாலும், வாரம் தவறாமல் வந்தது. ஆகவே ஹோட்டலில் வாசித்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இந்தத் தொடரின் நோக்கமல்ல. ஆனால் கூலி வந்தது என்பதாலேயே இசை இளைக்கவில்லை என்று ஆகிவிடாது. மென்டோக்காரர்கள் பிழைத்தார்கள், மென்டோவைக் கேட்கத்தான் ஊரில் ஆளில்லாமல் போயிற்று. இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு விளைவுகள்.

மூன்றாவது மறுப்பு சன்ஸ்பிளாஷையே குறிவைப்பது. அதுவும் வியாபாரம்தானே? ஹோட்டல் அறைகளை நிரப்பத்தானே மான்டிகோ பேயைத் தேர்ந்தார்கள்? ஆம், வியாபாரம்தான். மார்லியும் டாஷும் துறவிகளல்ல; காசு வாங்கிக்கொண்டுதான் பாடினார்கள். வணிகம் தொடாத தூய ரெகே என்று ஒன்று இருந்ததே இல்லை; ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டு போட்டு ஆடவைத்த 'சவுண்ட் சிஸ்டம்' காலத்திலிருந்தே நுழைவுக் கட்டணமும் பீர் விற்பனையும்தான் அந்த இசையை வளர்த்தன. என் கேள்வி காசு இருக்கிறதா என்பதல்ல, யாருடைய காசு, அது எந்த வாசல் வழியாக வருகிறது என்பது. சுற்றுலாவும் இசையும் ஒன்றையொன்று தின்னாமல் ஒரே மைதானத்தில் நிற்க முடியும் என்பதற்கு 1978-ம் 1979-ம் சாட்சி. அதற்கு ஒரே நிபந்தனை, அந்த மைதானத்துக்கு ஊரார் வர வேண்டும். அவர்களால் வாங்க முடிகிற விலையில் டிக்கெட் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை எவ்வளவு மெல்லியது என்பதை அடுத்த மூன்றாண்டுகளே காட்டிவிட்டன.

* * *

1981

1980 அக்டோபர் தேர்தலில் மேன்லி தோற்றார். நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்த தேர்தல் அது. எட்வர்ட் சியாகா பிரதமரானார். இந்தப் பெயர் வாசகருக்குப் புதிதல்ல: இளம் வயதில் கிராமத்து மக்களின் வழிபாட்டு இசையைப் பதிவுசெய்தவர், இசைத்தட்டு நிறுவனம் நடத்தியவர், 1964-இல் அமைச்சராக இருந்து ஸ்காவை நியூயார்க்குக்கு அனுப்பியவர். அப்போது ஸ்காவை உருவாக்கிய ஸ்டூடியோக் கலைஞர்களை விட்டுவிட்டு, கோட்டு அணிந்த பைரன் லீயின் குழுவைப் பக்கவாத்தியத்துக்குத் தேர்ந்தார்கள் என்பதையும் பார்த்தோம். ஜமைக்காவை ஆண்டவர்களில் அவர் அளவுக்கு உள்ளூர் இசையின் விலையை அறிந்தவர் வேறு யாருமில்லை. அவர் பதவிக்கு வந்ததும் வாஷிங்டன் கதவு திறந்தது. பயணிகளை மறுபடி வரச்சொல்லி அழைக்கும் பெரிய விளம்பர இயக்கத்துக்குத் தொலைக்காட்சித் திரையும் திறந்தது. நாட்டைக் காட்டுகிறோம் என்ற பழைய வாசகம் போனது. பழைய ஜமைக்கா திரும்பிவிட்டது, நீங்களும் திரும்பி வாருங்கள் என்பதே புதிய அழைப்பின் தொனி.

1981 மே 11 அன்று மார்லி மயாமியில் புற்றுநோயால் இறந்தார். வயது 36. மே 21 அன்று கிங்ஸ்டனில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு; இரங்கலுரை ஆற்றியவர் பிரதமர் சியாகா. பிறகு உடலை ஏற்றிக்கொண்டு வாகன வரிசை மலையேறி, அவர் பிறந்த நைன் மைல் கிராமத்துக்குப் போனது. வழியெங்கும் சாலையோரத்தில் மக்கள். ஆகஸ்டில் ஜாரெட் பார்க் சன்ஸ்பிளாஷ் முழுவதும் அவருக்கு அஞ்சலியாக நடந்தது. ஸ்டீவி வொண்டர் வந்து பாடினார். ஊராரும் வெளியாரும் ஒரே மைதானத்தில், ஒரே துக்கத்தில்.

அதே ஆண்டு, அதே ஊரில் இன்னொன்றும் நடந்தது. கோர்டன் 'புட்ச்' ஸ்டூவர்ட் என்ற ஏ.சி. இயந்திர வியாபாரி, விமான நிலையத்தை ஒட்டிச் சிதிலமாகிக் கிடந்த பே ராக் ஹோட்டலை வாங்கிப் புதுப்பித்து, சாண்டல்ஸ் என்று பெயர் வைத்துத் திறந்தார். சாப்பாடு, மது, விளையாட்டு, மாலை நேர இசை எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம், ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே கட்டிவிடலாம். இந்த முறையை ஜமைக்காவில் அவர் தொடங்கவில்லை. 1970களின் நடுவிலேயே ஜான் ஈஸா நெக்ரிலில் தொடங்கிவிட்டார். ஆனால் அதை ஒரு தொழிலாகவே வளர்த்தவர் ஸ்டூவர்ட். எல்லாமே உள்ளே கிடைக்கும்போது வாசலைத் தாண்டிப் போக வேண்டிய தேவை விருந்தினருக்கு இல்லை. உள்ளே வர வேண்டிய தேவை, சம்பளத்துக்கு வருகிறவரைத் தவிர, ஊராருக்கும் இல்லை. சன்ஸ்பிளாஷ் திறந்துவைத்த வாசலுக்கு அருகிலேயே ஒரு மதில் எழத் தொடங்கியது.

ஆக, 1981 முடியும்போது மூன்று செய்திகள் ஒன்றாக வந்து நிற்கின்றன. பயணிகளை அழைக்க ஒரு குரலைத் தேடும் அரசு. ஊராரை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இசை வேண்டும் என்கிற புது வகை ஹோட்டல். உலகமே அடையாளம் கண்டுகொள்கிற ஒரு குரல். ஆனால் அதற்குரியவர் இனி வேண்டும் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சட்டத்தாள்களில் கையெழுத்திட ராஸ்தஃபாரி நம்பிக்கை தடையாக இருந்ததோ, சாவைப் பற்றி எழுத மனமில்லையோ, மார்லி உயில் எழுதாமலே போய்விட்டார்.

பல பிள்ளைகள், ஒரு மனைவி, பழைய கூட்டாளிகள், இசைத்தட்டு நிறுவனங்கள், வழக்கறிஞர்கள். பாட்டின்மேல் உரிமை கோர ஆள் பலர். மறுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதற்கு விடை இல்லை. 1965-இல் ஸ்காவாகவும் 1977-இல் ரெகேயாகவும் மார்லி பாடிய 'ஒன் லவ்', இறுதிப் போரைப் பற்றியும் மனிதகுலத்துக்குத் தீங்கு செய்த பாவிக்கு மன்னிப்பு உண்டா என்பதைப் பற்றியும் பேசும் பாட்டு. அது கடற்கரை விளம்பரத்துக்குள் நுழையும் நாள் வந்தபோது, அந்தக் கேள்விகளில் எத்தனை உள்ளே போயின? எவற்றை வாசலிலேயே நிறுத்தினார்கள்? அதைத் தீர்மானித்த கை யாருடையது?

(அடுத்த வாரம்: உயில் இல்லாத சொத்து)